மதியம் முதல் பீரியடு, ஏழாம் வகுப்பு கணக்கு: யோசனை வேண்டும்

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். பாம்பன் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 34 பிள்ளைகள். சாப்பாடு முடிந்து வரும் பீரியடில் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் என்னோடு இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்தே இப்படித்தான். சத்தம் போடுவதில்லை, அதுதான் சிக்கலே. கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. நாலைந்து பேர் விடியற்காலையில் வலையில் நண்டு கழற்றிவிட்டு வருகிறவர்கள். அவர்கள் தூங்கினால் எழுப்ப எனக்கே மனசு வருவதில்லை.

இடம் மாற்றி உட்கார வைத்தேன். கைதட்டல், பெயர் சொல்லிக் கேள்வி கேட்பது எல்லாம் ஒரு வாரம்தான் தாங்கியது. கடல் தெரியும் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்.

ஒன்று மட்டும் பிரமாதமாக எடுபட்டது. முழுக்கள் பாடத்தில் கடல் மட்டத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்து, ஆழத்தைப் பாகக் கணக்கில் குறை எண்ணாகச் சொல்லச் சொன்னேன். ஒரு பாகம் ஆறடி என்று எனக்கே அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லை! லாப நட்டத்துக்கு மீன் ஏலம் போட்டோம், அதுவும் சரி.

அப்புறம் இயற்கணிதம் வந்தது. 'எக்ஸ்' என்று போர்டில் எழுதியதும் பழைய கதை. 3எக்ஸ் + 5 = 20 என்பதற்கு 'மூன்று கூடை நண்டு' என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு கூடை மாதிரி இன்னொரு கூடை இருக்காதே சார்" என்றான் ஒருவன். நியாயம்தானே.

கரும்பலகையும் சாக்பீஸும் மட்டும் வைத்துக்கொண்டு, 40 நிமிட இயற்கணித வகுப்பில் பிள்ளைகளைக் கடைசிவரை உட்கார வைத்த செயல்பாடு உங்களிடம் எது இருக்கிறது?