முழு மாரத்தானுக்காகக் குழுவின் ஞாயிறு ஓட்டத்தை விட்டுவிடலாமா?

பாளைவாசி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, எடை 65 கிலோ. நான்கு ஆண்டுகளாகப் பாளையங்கோட்டையில் உள்ள ஓட்டக் குழு ஒன்றில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் காலை 4.45 மணிக்கு வ.உ.சி. மைதானத்தின் முன் கூடி, முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை வழியாகச் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, டவுனில் நெல்லையப்பர் கோயில் வரை போய்த் திரும்புவோம். சில வாரங்களில் பேட்டை வரை நீட்டி 16 கி.மீ. ஓடுவதும் உண்டு. நாற்பதை நெருங்கும் வயதில் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறவும் முடியாதிருந்த என்னை ஓடவைத்தவர்கள் இவர்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் அரை மாரத்தான் (21 கி.மீ.) நேரம் 2 மணி 5 நிமிடம். கடந்த ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக முழு மாரத்தான் (42 கி.மீ.) ஓடினேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 5 வினாடி என்ற கணக்கில் 30 கி.மீ. வரை சுகமாகவே சென்றேன். 33-ஆவது கிலோமீட்டரில் இரு கால்களின் கெண்டைச் சதையும் பிடித்துக்கொண்டது; தோலுக்கு அடியில் தவளை ஒன்று கிடந்து துடிப்பதைப் போலச் சதை தானாகவே துள்ளியதைக் கண்ணால் பார்த்தேன். எஞ்சிய 9 கி.மீ. தூரத்தையும் நடந்தே கடந்து 5 மணி 18 நிமிடத்தில் முடித்தேன். அதற்கு முன் நான் பயிற்சியில் ஓடிய மிக நீண்ட தூரம் 24 கி.மீ. மட்டுமே.

வரும் ஜனவரியில் மீண்டும் ஓட வேண்டும். இன்னும் 16 வாரங்கள் இருக்கின்றன. எங்கள் குழுவில் பெரும்பாலோர் 10 கி.மீ., அரை மாரத்தான் ஓடுபவர்கள். ஏழு மணிக்குள் ஓட்டம் முடிந்து தேநீர்க் கடைக்குப் போய்விடுவார்கள். 30 கி.மீ. ஓட வேண்டுமானால் நான் தனியாகத்தான் ஓட வேண்டும். குழுவின் ஞாயிறு ஓட்டத்தை நான்கு மாதங்களுக்கு விட்டுவிடுவதே சரியா? அப்படி விட்டால் மீண்டும் அவர்களிடம் திரும்புவேனா என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. இரண்டாவதாக, வழியில் என்ன சாப்பிடுவது? ஓடுபவர்களுக்கென்று கடைகளில் கிடைக்கும் ஜெல் (சர்க்கரைக் கூழ்) எனக்கு வயிற்றைப் பிரட்டுகிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி, எனக்கு வயது 62. ஏழு முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன்; அவற்றில் மூன்றில் உங்களைப் போலவே 30 கி.மீ. தாண்டி நின்றேன். ஆகவே அனுபவப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களை நிறுத்தியது தூரம் மட்டும் அல்ல, வேகமும்தான்.

கணக்கைப் பாருங்கள். ஓடும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ள உங்களுக்கு 42 கி.மீ. ஓட 2,700 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக நாம் சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரையோ ஏறத்தாழ 2,000 கலோரிதான். மீதியைக் கொழுப்பிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும். ஆனால் வேகம் கூடக்கூட அது கொழுப்பை விட்டுவிட்டுச் சர்க்கரையையே மேலும் மேலும் எரிக்கும். அதனால்தான் பலருக்கு 30 கி.மீ. தாண்டியதும் கால் ஓய்ந்துவிடுகிறது. 42.195 என்ற தூரமே 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921-இல் விதியாக நிலைபெற்றது. நம் உடலின் இருப்பைக் கணக்கிட்டு யாரும் அதை வகுக்கவில்லை.

அரை மாரத்தானை 2 மணி 5 நிமிடத்தில் ஓடுபவர், போதிய பயிற்சி இருந்தால், முழு தூரத்தை 4 மணி 20 நிமிடத்தை ஒட்டி ஓடலாம் என்று சூத்திரம் சொல்லும். 24 கி.மீ.க்கு மேல் ஓடிப் பழகாத உங்களுக்கு 4 மணி 30 நிமிடமே நியாயமான இலக்கு. அது கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 வினாடி. நீங்கள் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 19 வினாடி முன்கூட்டியே கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

இனி குழு விஷயம். குழுவோடு ஓடும்போது முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே நம் கால் நகர்கிறது. பக்கத்தில் ஓடுபவரோடு ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது நீண்ட ஓட்டத்துக்கான வேகம் அல்ல. உங்கள் நீண்ட ஓட்டம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 50 வினாடி முதல் 7 நிமிடம் 10 வினாடி வரை இருக்கட்டும். 26 முதல் 32 கி.மீ. வரையிலான ஓட்டங்கள் நான்கு போதும். அவற்றுக்கு இடையிலுள்ள வாரங்களில் தூரத்தைக் குறையுங்கள். 32-க்கு மேல் பயிற்சியில் போக வேண்டாம். கிடைக்கும் பலனைவிடக் காயத்துக்கான வாய்ப்பே மிகுதி. கடைசி மூன்று வாரங்கள் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து உடலைத் தேறவிடுங்கள்.

குழுவை விட வேண்டியதில்லை. அதிகாலை 3.15 மணிக்கே புறப்பட்டுத் தனியாக 12 கி.மீ. ஓடிவிட்டு, 4.45-க்கு அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

மகாராஜநகர் அக்கா:

வாத்தியார் ஐயா சொன்ன வேகக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதிகாலை 3.15 மணிக்குத் தனியாக ஓடுங்கள் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நேரத்தில் சாலை நாய்களுடையது. இறைச்சிக் கடை இருக்கும் முக்குகளில் ஏழெட்டு நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும், ஓடுகிறவரைக் கண்டால் ஒன்று எழுந்தாலே எல்லாம் எழுந்துவிடும். நாற்கரச் சாலைப் பக்கம் போனால் தூக்கக் கலக்கத்தில் லாரி ஓட்டி வருகிறவர்களும் உண்டு. பெண்களுக்கு அந்த நேரத்தில் தனியாக ஓடும் வழியே கிடையாது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் 1984-இல்தான் வந்தது. இன்றும் எங்களில் பலரை 10 கி.மீ.யோடு நிறுத்துவது உடல்பலக் குறைவு அல்ல, துணைக்கு ஆள் இல்லாததுதான். ஆகவே ஒருவர் தனியாக ஓடிச் சமாளித்துக்கொள்வதைவிட, குழுவிடம் கேட்பதே முறை என்று நினைக்கிறேன்.

நாங்கள் எங்கள் குழுவில் கேட்டோம். மெதுவாக ஓடுபவர்களுக்கென்று தனி அணி ஒன்று அமைந்தது. நீண்ட தூரம் உள்ள நாட்களில் நேர்ச்சாலையில் போகாமல், மகாராஜ நகர், பெருமாள்புரம் தெருக்களில் 5 கி.மீ. சுற்று ஒன்றை வகுத்துக்கொண்டோம். புறப்படும் இடத்தில் ஒரு ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் தண்ணீரும் மோரும் இருக்கும். ஆறு சுற்று ஓட வேண்டியவர் ஆறும் ஓடுவார். இரண்டோடு முடிப்பவர் நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போனாலும் வண்டி இரண்டரைக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஜெல் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதையே பிடித்துத் தொங்க வேண்டாம். நான் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு வாழைப்பழமோ, பெரிய நெல்லிக்காய் அளவில் உடைத்த கருப்பட்டித் துண்டுகள் இரண்டு மூன்றோ எடுத்துக்கொள்கிறேன். கருப்பட்டியைத் துணியில் முடிந்தால் வியர்வையில் கரைந்து பிசுபிசுத்துவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிறிய ஜிப் உறையில் போடுங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ருசிதான், ஆனால் ஓடும்போது மெல்ல வேண்டியிருப்பதாலும் கொழுப்பு இருப்பதாலும் அது ஓட்டத்துக்குப் பிந்தைய உணவு. எதுவானாலும் பயிற்சியில் பழகாத ஒன்றை மாரத்தான் அன்று வாயில் வைக்காதீர்கள்.

உப்பையும் மறக்க வேண்டாம். நம் ஊர் வெயில் வறட்டு வெயில்; சென்னையில் கடற்கரை ஈரக்காற்று, வியர்வை ஆறாமல் வழிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து வழியிலுள்ள ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரும். அது உயிருக்கே ஆபத்தாகக்கூடும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்துங்கள். சிறிய புட்டியில் அடர்த்தியாகக் கரைக்கக் கூடாது. வலி வராமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடலில் நீர் குறைந்த நிலையில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

குறுக்குத்துறை:

நான் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் 16 வாரங்களில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அடங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தபோது, 2024 ஜனவரி சென்னை மாரத்தானுக்காக நான் குறித்து வைத்திருந்த 30 கி.மீ. ஓட்டம் நின்றுபோனது. இரண்டு வாரம் நான் ஓடவே இல்லை. எங்கள் குழுவினர் ஓட்டக் காலணியோடு சேற்றில் இறங்கிச் சாப்பாட்டுப் பொட்டலங்களைச் சுமந்தோம். பிறகு, விட்டுப்போன தூரத்தையெல்லாம் ஒரே வாரத்தில் ஈடுகட்டிவிட நினைத்தபோது, குழுவில் மூத்த ஒருவர் கண்டிப்பாகத் தடுத்தார். போன ஓட்டம் போனதுதான் என்று விட்டுவிட்டு, இலக்கை 20 நிமிடம் தள்ளிவைத்து, முதல் கிலோமீட்டரிலிருந்தே மெதுவாக ஓடினேன். கடைசி வரை நடக்கவில்லை. அடைமழை தொடங்கும் முன்பே உங்கள் முதல் இரண்டு நீண்ட ஓட்டங்களை முடித்துவிடப் பாருங்கள்.

பாளைவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிறு ஓட்டம் முடிந்ததும் தேநீர்க் கடையில் வைத்துப் பேச்சை எடுத்தேன். எனக்குத் துணைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நான்கு ஆண்டுகளாக நானே முடிவுகட்டியிருந்தேன்; கேட்ட மாத்திரத்தில் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் இருவர் பெண்கள்; கூட ஓட ஆள் இருந்தால் அரை மாரத்தானைத் தாண்டிப் போக வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

இந்த ஞாயிறு நான்கு பேரும் 4 மணிக்கே புறப்பட்டு, 7 நிமிட வேகத்தில் 22 கி.மீ. ஓடினோம். திரும்பும் வழியில் பாலத்தின் மேல் எங்கள் குழுவின் வேகமான அணி எங்களைத் தாண்டிச் சென்றபோது என் கால் தானாகவே அவர்கள் பின்னால் எட்டிப் போட்டது. பக்கத்தில் வந்தவர், "அண்ணாச்சி, பேசிக்கிட்டே வாங்க" என்றார். கீழே ஆற்றில் குளிக்க இறங்கியவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மகளின் பள்ளிக்கூடக் கதையைக் கேட்டபடியே வண்ணார்பேட்டை வந்துசேர்ந்துவிட்டோம். கருப்பட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது. அடுத்த வாரம் 24 கி.மீ.; மகாராஜ நகர்ச் சுற்றில்தான் ஓடப்போகிறோம். ஸ்கூட்டரும் மோரும் என் வீட்டிலிருந்து வரும்.