ஃபெர்ரெட் கவச வண்டி தார் ரோட்டில் இறுகுகிறது

கேள்வி:
ஃபெர்ரெட் மார்க் 2/3. மண்ணில் ஒரு தொல்லையும் இல்லை. தார் ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் போனதும் பிரேக் பிடித்தபடி ஓடுவதுபோல் இழுக்கிறது, ஸ்டியரிங்கும் கனக்கிறது. பிரேக் டிரம் சூடாகவில்லை. வலப்பக்க பெவல் பாக்ஸ்களில்தான் (ஷாஃப்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல்சக்கரப் பெட்டிகள்) சூட்டில் கை வைக்க முடியவில்லை. வலது பின் டயர் மட்டும் புதுசு. இதுபோக, கியர் பெடல் சிலசமயம் எகிறி முழங்காலைப் பதம் பார்க்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில் 1:
இல்லை. இறுகுவதற்குக் காரணம் அந்தப் புது டயர். இந்த வண்டிக்கு டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் அமைப்பு) ஒன்றுதான், நடுவில் டிரான்ஸ்ஃபர் பாக்ஸோடு (கியர்பாக்ஸின் சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) இருக்கிறது. அது இடம் வலம் மட்டுமே பிரிக்கும். ஒரே பக்கத்து முன் சக்கரமும் பின் சக்கரமும் ஷாஃப்டால் பிணைந்தவை, சம அளவு சுற்றியே ஆகணும். விட்டத்தில் 1 செ.மீ. வித்தியாசம் என்றால் சுற்றுக்கு 3 செ.மீ. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 340 சுற்று, ஆக 10 மீட்டர் வித்தியாசம். மண்ணில் டயர் வழுக்கி அதைக் கழித்துவிடும். தார் விடாது, முறுக்கு ஷாஃப்டில் ஏறிவிடும்.

ஒரே காற்றழுத்தத்தில் டயர்களைச் சுற்றி டேப் பிடித்து அளந்து, ஒரே பக்கத்து முன் டயரும் பின் டயரும் ஒத்த அளவாக வரும்படி ஜோடி சேருங்கள். அளவு 9.00x16. மார்க் 4, 5 சக்கரங்கள் பெரியவை, அவற்றிலிருந்து கழற்றிப் போட முடியாது.

பதில் 2:
அளக்க ஜாக்கி போடுமுன் முறுக்கை இறக்கிவிடுங்கள். மேடுபள்ளமான மண்ணில் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும். இறக்காமல் தூக்கினால், சக்கரம் தரையை விட்ட நொடியில் சடாரென்று சுழலும். கை அங்கே இருந்தால் போச்சு.

நாலும் ஒரே அளவானாலும் தாரில் அடிக்கடி திரும்பினால் முறுக்கு ஏறும், முன் சக்கரம் பெரிய வட்டம் போகிறதே. குறுக்கே அச்சு இல்லாமல் வண்டியைக் குள்ளமாகக் கட்டியதற்கு இதுதான் விலை.

பதில் 3:
பெடல் விஷயம்: அதைக் கிளட்ச் மாதிரி மிதிக்காதீர்கள். இதில் கிளட்ச் கிடையாது, எண்ணெய் வழியாக எஞ்சின் சக்தியைக் கடத்தும் ஃப்ளூயிட் கப்ளிங்தான். லீவரில் கியரை முன்னாடியே தேர்ந்துவைத்து, பெடலை அடிவரை ஒரே மிதி மிதித்து முழுசாக விடணும். அரைகுறையாக மிதித்தால்தான் எகிறும். எகிறினால் சீட்டில் முதுகை ஊன்றி, முழு பலத்தோடு அடிவரை அழுத்துங்கள், பழைய இடத்துக்கு வந்துவிடும். சரியாக மிதித்தும் எகிறினால் கியர்பாக்ஸ் பேண்டு (உள்ளே டிரம்மை இறுகப் பிடித்து கியரைப் பிடிக்கவைக்கும் பட்டை) தளர்ந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு கியராகத் தேர்ந்து பத்துப் பதினைந்து தடவை மிதியுங்கள். பேண்டு தானாக இறுகிக்கொள்ளும். ஓட்டும்போது பெடல்மேல் காலை வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். பேண்டு வழுக்கி எரிந்துபோகும்.