வெரேனா டீனர் பசுமைக் கட்சியை விட்டுப் போனது சரியா?

மலையோரம்:
சுவிஸ் சூழல் அரசியல் என்றாலே வெரேனா டீனர் பெயரைப் பலர் மரியாதையோடு சொல்கிறார்கள். எனக்கும் அந்த மரியாதை உண்டு. ஆனால் 2004-இல் அவர் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1987-இல் தேசிய அவைக்கு (நாடாளுமன்றத்தின் கீழவை) தேர்வானார். 1992 முதல் 1995 வரை பசுமைக் கட்சியின் தலைவர். 1995-இல் சூரிச் கன்டோன் (மாநில) அரசுக்குள் போய் 12 ஆண்டுகள் சுகாதாரத் துறையைப் பார்த்தார். நடுவில், 2004-இல், கட்சியிலிருந்து விலகி மார்ட்டின் பொய்ம்லேயோடு சேர்ந்து பசுமைத் தாராளவாதக் கட்சி என்ற மையவாதக் கட்சியைத் தொடங்கினார். கட்சி மாறியது, நாற்காலி மாறவில்லை. பசுமைக் கட்சிக்கு அந்த அரசில் இருந்த ஒரே இடம் அன்றோடு போனது. அடுத்த இடம் 2011-இல்தான் கிடைத்தது.

லிம்மாட்கரை:
அந்த நாற்காலியைக் கட்சி கொடுக்கவில்லை. கன்டோன் அரசின் ஏழு பேரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பசுமைக் கட்சிக்காரர்கள் மட்டும் வாக்களித்திருந்தால் அவர் ஒருநாளும் உள்ளே போயிருக்க முடியாது. மற்றக் கட்சிக்காரர்களும் அவர் பெயரை எழுதினார்கள். அந்தப் பதவிக்காலத்தை 2007-இல் முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

தென்றல்77:
சரி, உள்ளே போய் என்ன செய்தார்? வட்டார மருத்துவமனைகள் சிலவற்றை மூடினார். ஊருக்கு அருகில், நடந்து போகும் தூரத்தில் எல்லாம் இருக்க வேண்டும் என்பதுதானே பசுமைக் கொள்கை? பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் மக்களைக் காரில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவது எந்த ஊர்ப் பசுமை?

இரவுப்பணி:
நான் இருபது வருடமாகத் தாதி. (இதே கன்டோனில்தான். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம்.) ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அவசர சிசேரியன் வருகிறது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், தியேட்டர் தாதி, குழந்தையைப் பார்க்க ஒருவர் என்று எல்லோரும் சில நிமிடங்களில் நிற்க வேண்டும். படுக்கை 50 இருந்தாலும் 500 இருந்தாலும் இந்த ஆட்கள் குறையக் கூடாது. சின்ன மருத்துவமனையில் அவர்கள் பல இரவுகள் சும்மா காத்திருப்பார்கள். செலவை விடுங்கள், கை பழக்கம் விட்டுப்போகும், அதுதான் எனக்குப் பெரிய பயம். கிராமத்துக்காரர்களின் கோபம் நியாயம். மூடியதற்கும் நியாயம் இருந்தது.

இன்னொன்று, சுகாதாரம் அவர் ஆசைப்பட்டுக் கேட்ட துறை என்று நினைக்காதீர்கள். ஏழு பேரும் துறைகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். மூத்தவர்கள் முதலில் எடுப்பார்கள், புதிதாக வந்தவருக்கு மிச்சம்தான்.

மலையோரம்:
மருத்துவமனை விஷயத்தில் உங்கள் அனுபவத்தோடு நான் வாதாடப் போவதில்லை. என் கேள்வி கட்சியைப் பற்றியது. 2019 தேர்தலைப் பாருங்கள். தேசிய அவையின் 200 இடங்களில் பசுமைக் கட்சிக்கு 28, பசுமைத் தாராளவாதிகளுக்கு 16. சேர்த்தால் 44. சமூக ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது 39தான். ஒரே கட்சியாக இருந்திருந்தால் நாட்டிலேயே இரண்டாவது பெரிய கட்சி! அந்த டிசம்பரில் பசுமைக் கட்சித் தலைவி ரெகுலா ரிட்ஸ் கூட்டாட்சி அரசில் ஓர் இடம் கேட்டு நின்றபோது நாடாளுமன்றத்தில் 82 வாக்குதான் விழுந்தது, அந்த இடத்தில் இருந்த அமைச்சர் காசிஸ் 145 வாங்கி இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 44 பேர் கொண்ட கட்சியை அப்படித் திருப்பி அனுப்பியிருக்க முடியுமா?

லிம்மாட்கரை:
44 என்று கூட்டும்போது, அந்த 16 இடங்களுக்கு வாக்களித்தவர்கள் ஒன்றுபட்ட கட்சிக்கும் போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

2007 நவம்பர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குடியுரிமை கிடைத்த பிறகு நான் வாக்களித்த முதல் மாநிலங்களவைத் தேர்தல். தபாலில் உறை வந்தது. வாக்குச்சீட்டில் சின்னமும் இல்லை, அச்சிட்ட பெயரும் இல்லை. வெறும் கோடு. நாமே கையால் பெயர் எழுத வேண்டும். முதல் சுற்றில் இரண்டு கோடு. ஃபெலிக்ஸ் குட்ஸ்வில்லர் அதிலேயே ஜெயித்துவிட்டதால் இரண்டாம் சுற்றுக்கு ஒரே கோடுதான். ஒரு பக்கம் வலதுசாரி மக்கள் கட்சியின் தலைவர் உவேலி மௌரர், இன்னொரு பக்கம் டீனர். சமூக ஜனநாயகக் கட்சியின் ஷந்தால் கலாடே விலகி வழிவிட்டார். என்னோடு வேலை செய்த ஒருவர், வாழ்நாள் முழுதும் வலதுசாரிக் கட்சிக்குப் போட்டவர், மதியச் சாப்பாட்டு மேசையில் வைத்தே அந்தக் கோட்டில் டீனர் என்று எழுதினார். பசுமைக் கட்சியின் பெயரில் நின்றிருந்தால் அவர் கை எழுதியிருக்காது. டீனர் ஜெயித்தார். 2011-இல் மக்கள் கட்சியின் பெரும்புள்ளி கிறிஸ்தோஃப் ப்ளோகரே எதிர்த்து நின்றும் மறுபடியும் டீனர்தான் ஜெயித்தார்.

புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அதே 2011 செப்டம்பரில், புதிய அணு உலை கட்டுவதில்லை என்ற முடிவு 46 பேர் கொண்ட அந்த மாநிலங்களவைக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு இடமும் பெரிது. மௌரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தென்றல்77:
அப்புறம் 2015 மார்ச்சையும் சொல்லுங்கள். மதிப்புக்கூட்டு வரியை எடுத்துவிட்டு அதற்குப் பதில் ஆற்றல் வரி போடலாம் என்று அந்தப் புதுக் கட்சி மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது. 92 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தனியாகப் போனவர்களின் தனி யோசனைக்குக் கிடைத்த பதில் அது.

லிம்மாட்கரை:
அது படுதோல்விதான், மறுக்கவில்லை. அந்த வாக்கெடுப்பில் நானும் வேண்டாம் என்றுதான் எழுதினேன். ஆனால் 2021 நவம்பரையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணெய், எரிவாயு ஹீட்டர் பழுதானால் அதற்குப் பதில் சூழலுக்கு உகந்ததைத்தான் வைக்க வேண்டும் என்ற சூரிச் ஆற்றல் சட்டம் 62.6 சதவீதத்தோடு ஜெயித்தது. கொண்டுவந்தவர் கன்டோன் அரசில் இருந்த பசுமைக் கட்சியின் மார்ட்டின் நொய்கோம். இரண்டு கட்சிகளும் சேர்ந்துதான் பிரசாரம் செய்தன.

மலையோரம்:
நொய்கோமுக்குக் கட்டுமானத் துறை கிடைத்தது, ஆற்றல் அதற்குள் வருகிறது. டீனருக்கு அந்தத் துறை கிடைத்திருந்தால் அவர் கட்சியிலேயே இருந்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. சுகாதாரத் துறையில் பன்னிரண்டு வருடம் சிக்கனக் கணக்குப் பார்த்தவருக்கும் தெருவில் நின்ற தொண்டர்களுக்கும் இடையில்தான் இடைவெளி விழுந்திருக்க வேண்டும். அதை நான் யோசித்ததில்லை. ஆனாலும் 2004-இல் தலைவியை இழந்த தொண்டர்களின் பக்கம்தான் என் மனம் நிற்கிறது.