அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயர் வாங்கினேன், கல்யாண வீடியோவில் எல்லாரும் குண்டாகிவிட்டார்கள்

கோட்டாறுக்காரன்:
வீட்டில் 55 இன்ச் 4கே டிவி வந்தது. பழைய டிவிடி பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருக அதில் இடமே இல்லை. எங்கள் கல்யாணம் 2006இல். அதன் டிவிடி மூன்று இருக்கிறது. அப்புறம் மோசர் பேர் 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில் வாங்கிக் குவித்த படங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய. அதனால் எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே வயரில் போகிற இணைப்பு) உள்ள ஒரு பிளேயரை நாகர்கோவிலில் ஒரு கடையில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் ‘1080பி அப்ஸ்கேலிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதாவது டிவிடி படத்தை முழு எச்டி அளவுக்குப் பெரிதாக்கி அனுப்புமாம். “டிவிடியைப் போட்டா எச்டி ஆயிரும் சார்” என்றார் கடைக்காரர்.

படங்கள் பரவாயில்லை. கல்யாண டிஸ்க்கைப் போட்டதும்தான் வினை. பெண், மாப்பிள்ளை, தாலி எடுத்துக் கொடுத்த பெரியவர், நாதஸ்வரக்காரர் எல்லாரும் பக்கவாட்டில் உப்பிப் போயிருந்தார்கள். “நான் அப்பவே இவ்வளவு குண்டா?” என்று மனைவி கேட்டாள். டிவி ரிமோட்டில் 4:3 (பழைய டிவியின் வடிவம்) ஆக்கப் பார்த்தால் அந்த வரி மட்டும் மங்கிக் கிடக்கிறது, அமுக்கினால் அசையவில்லை. யாராவது இதை வாங்கி உருப்படியாகப் பார்த்தீர்களா, இல்லை திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பென்டிரைவ் பிரியன்:
திருப்பிக் கொடுங்கள் அண்ணே. நம் ஊர் டிவிடியில் ஒரு காட்சிக்கு 720க்கு 576 புள்ளிகள். பெருக்கினால் 4,14,720. முழு எச்டிக்கு 1920க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. ஒரு புள்ளிதான் டிஸ்க்கில் இருக்கிறது, மற்ற நாலையும் பிளேயர் அக்கம்பக்கம் பார்த்து ஊகித்துப் போடுகிறது. உங்கள் 4கே டிவிக்கு அதுவும் போதாது, அது இன்னும் நாலு மடங்கு ஆக்கிக்கொள்ளும். எப்படியும் டிவியே இருபது மடங்கு ஊதப்போகிற பலூனை நடுவில் இன்னொருவர் ஒரு ஊது ஊதித் தருவதற்கு 3,200 ரூபாயா? பந்தியில் ஆள் கூடினால் சாம்பாரில் தண்ணீர் விடுவார்களே, அந்தக் கதைதான்.

திங்கள்சந்தை மெக்கானிக்:
தம்பி கணக்கு சரி. ஆனால் அண்ணாச்சிக்கு டிவியில் மஞ்சள் வயருக்கு இடமே இல்லை என்பதை விட்டுவிட்டீர்கள். பிளேயர் இல்லாமல் டிஸ்க்கை எதில் சுற்றுவது, அம்மிக்கல்லிலா?

22 வருஷமாக இதே வேலை. மஞ்சள் வயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும், டிவி அதைப் பிரித்தெடுக்க வேண்டும். முழுதாகப் பிரியாது. சிவப்புப் புடவையின் ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு நெளிவு தெரியுமே, அது அதனால் வருவது. எச்டிஎம்ஐயில் டிஸ்க்கில் இருப்பது எண்ணாகவே டிவிக்குப் போகிறது, எறும்பு காணாமல் போய்விடும். என்னிடம் புது பிளேயர் வாங்கி “படம் கண்ணாடி மாதிரி இருக்கு” என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

உப்பின முகத்துக்கு வருகிறேன். உங்கள் கல்யாண வீடியோ 4:3. 1080பி சிக்னல் என்றாலே 16:9 அகலத்திரை, அதனால் பிளேயரே படத்தை இழுத்து நிரப்பி அனுப்புகிறது. எச்டி சிக்னல் என்று பார்த்ததும் சில டிவிகள் 4:3 வசதியைப் பூட்டிவிடும். பிளேயர் செட்டப்பில் டிவி டைப் என்ற இடத்தில் பில்லர்பாக்ஸ் (இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவது) இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் ரெசல்யூஷனை டிஸ்க்கின் சொந்த அளவான 576பிக்கு இறக்குங்கள், டிவியில் பூட்டு திறந்துவிடும்.

குழித்துறை டீச்சர்:
நான் 2009இல் வாங்கி அனுபவித்தவள். அப்போது எங்கள் டிவி 32 இன்ச், எச்டி ரெடி என்று ஒட்டியிருந்தது. உண்மையில் அதன் திரை 1366க்கு 768. பிளேயர் 576 கோட்டை 1080 ஆக்கும், டிவி அதை மறுபடி 768 ஆகக் குறைக்கும். ஏற்றி இறக்கியதில் எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்துபோனது. நான் 720பியில் வைத்துத்தான் பார்த்தேன். அதுகூடப் பரவாயில்லை. முதலில் பச்சை, நீலம், சிவப்பு வயரில் போட்டிருந்தேன். கடையில் வாங்கிய படம் எதைப் போட்டாலும் 576பிக்கு மேல் ஏறவில்லை. காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு போட்ட டிஸ்க்கைப் பெரிதாக்கி அனுப்ப எச்டிஎம்ஐயில்தான் அனுமதி என்று பிறகுதான் தெரிந்தது. விற்றவர் அதைச் சொல்லவே இல்லை.

ஆனாலும் பிரியன் சொல்வதுபோல எல்லாம் ஒரே குட்டை இல்லை. டிவிடிக்கு அடுத்த தலைமுறை டிஸ்க் எது என்ற போட்டியில் எச்டி டிவிடியோடு இறங்கி, புளூரேயிடம் தோற்று 2008 பிப்ரவரியில் விலகிய தோஷிபா, அதே வருஷம் எக்ஸ்டிஇ என்று டிவிடியை மெருகேற்றும் பிளேயரைக் கொண்டுவந்தது. ஓப்போ டிஜிட்டல் இதற்கென்றே நல்ல சிப் போட்டுப் பெயர் வாங்கியது, 2018இல்தான் புது பிளேயர் தயாரிப்பதை நிறுத்தியது. ஊகிப்பதிலும் கெட்டிக்காரன், மக்கு என்று உண்டு. என் வகுப்பிலேயே பார்க்கிறேன்.

பென்டிரைவ் பிரியன்:
டீச்சர், 3,200 ரூபாய் பிளேயரில் அந்தக் கெட்டிக்காரன் இருக்கமாட்டான். அவன் இன்று டிவிக்குள் உட்கார்ந்திருக்கிறான். 2009இல் நீங்கள் சொன்னது நியாயம், இப்போது இல்லை. பேசாமல் டிஸ்க்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பென்டிரைவில் போட்டுவிடலாம். நான் வீட்டில் இருந்த நாற்பது டிஸ்க்கை அப்படித்தான் முடித்தேன்.

முட்டம் கடற்கரை:
கடலோரத்தில் இருக்கிறவன் சொல்கிறேன், கேளுங்கள். மச்சான் துபாயிலிருந்து ஒரு அப்ஸ்கேலிங் பிளேயர் கொண்டுவந்தான். நல்ல படம், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அது ரீஜியன் 2, அதாவது அந்தப் பகுதி நாடுகளின் டிஸ்க்குக்கு மட்டும் என்ற பூட்டு. இங்கே வாங்கிய இங்கிலீஷ் படம் ரீஜியன் 5, தட்டை வெளியே துப்பிவிடும். தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் ரீஜியன் கிடையாது, அது ஓடியது. ஒன்றரை வருஷத்தில் எச்டிஎம்ஐ ஓட்டைக்குள் பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறி, வயரைப் பிடித்துக்கொண்டே நின்றால்தான் படம் வரும் என்று ஆகிவிட்டது. எங்கள் காற்றுக்குச் சைக்கிள் செயினே தாங்காது. 1080ஆ 576ஆ என்று நீங்கள் சண்டை போடுங்கள், எனக்குத் துருப்பிடிக்காத பிளேயர் இருந்தால் சொல்லுங்கள்.

திங்கள்சந்தை மெக்கானிக்:
ரீஜியனுக்கு ரிமோட்டில் ஒரு நம்பர் வரிசை அமுக்கினால் பல மாடலில் திறந்துவிடும். உப்புக் காற்றுக்கு என்னிடம் மருந்து இல்லை. பார்க்காத நேரம் துணி போட்டு மூடி வையுங்கள், வாரம் ஒரு தடவையாவது ஓட விடுங்கள்.

பிரியன் தம்பிக்கு ஒரு கேள்வி. நாற்பது டிஸ்க் ஏற்றினீர்களே, அதில் கல்யாண வீடியோ எத்தனை?

பென்டிரைவ் பிரியன்:
இரண்டு. ஏன் அண்ணே?

திங்கள்சந்தை மெக்கானிக்:
அதில் யாராவது குறுக்கே நடந்து போகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

பென்டிரைவ் பிரியன்:
பார்த்தேன். ஆள் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக இருக்கிறது. சினிமா டிஸ்க்கில் இப்படி இல்லை.

திங்கள்சந்தை மெக்கானிக்:
அதுதான் விஷயம். சினிமா ஃபிலிமில் ஒரு பிரேம் முழுசாக எடுத்தது. கல்யாண வீடியோகிராபரின் கேமரா நொடிக்கு 50 தடவை அரை அரையாக எடுக்கும், முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். இரண்டு அரைக்கும் நடுவில் ஆள் நகர்ந்திருப்பான். அப்படியே சேர்த்தால் சீப்பு. அதை இழைத்துச் சேர்ப்பதுதான் கஷ்டமான வேலை. புள்ளியை ஐந்தாகப் பெருக்குவது அதற்கு அப்புறம். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அந்தச் சேர்ப்பு வேலையை, டீஇன்டர்லேஸ் என்பார்கள், போடாமல் விட்டால், உங்கள் பென்டிரைவில் சீப்பு நிரந்தரமாகக் குடியிருக்கும். டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

பென்டிரைவ் பிரியன்:
போடவில்லை. அம்மா விடவில்லை.

குழித்துறை டீச்சர்:
அம்மா ஜெயித்தார்கள். கொள்ளாம்.

இன்னொன்று, டிஸ்க்கே மோசமாக இருந்தால் எந்த பிளேயரும் ஒன்றும் செய்ய முடியாது. அகலத்திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து அடித்திருப்பார்கள். உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலமான படம் என்றால் 576 கோட்டில் சுமார் 327தான் படம், மீதி கறுப்பு. அதையே 16:9 டிவிக்கு ஏற்றபடி அமுக்கி அடித்திருந்தால் 436 கோடு கிடைத்திருக்கும். ஒரே டிஸ்க்கில் மூன்று படம் என்று விற்றதை நினைத்துப் பாருங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் ஏழரை மணி நேரம் அடைத்தால் சத்தமும் சேர்த்து நொடிக்கு 14 லட்சம் பிட். டிவிடியில் படத்துக்கு மட்டுமே 98 லட்சம் வரை போகலாம். அந்த டிஸ்க்கை அப்ஸ்கேல் செய்தால் கட்டம் கட்டமாக இருப்பது பெரிய பெரிய கட்டமாகும், அவ்வளவுதான்.

கோட்டாறுக்காரன்:
இரண்டு நாள் எழுதவில்லை, சோதனை செய்துகொண்டிருந்தேன். மெக்கானிக் சொன்னபடி 576பி வைத்ததும் டிவியில் 4:3 திறந்தது. மனைவி மெலிந்தாள், வீட்டில் சமாதானம்.

அப்புறம் பிளேயரை 576ஐ (i, அரை அரையாகவே அனுப்புவது), 576பி (p, பிளேயரே சேர்த்து முழுசாக அனுப்புவது), 1080பி என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சினிமாவில் சோபாவிலிருந்து பார்த்தால் 576பிக்கும் 1080பிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மகனுக்குத் தெரிகிறதாம். எது எது என்று சொல்லாமல் போட்டேன், மூன்றில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னான். கல்யாண டிஸ்க்கில் மட்டும் எனக்கே தெரிந்தது. பந்தியில் கேமராக்காரர் விளக்கோடு வரிசையாக நகர்ந்து போவார். பிளேயர் 1080பி அனுப்பும்போது வாழையிலை ஓரமெல்லாம் சீப்பு. 576ஐ என்று வைத்து வேலையை டிவியிடம் விட்டால் இலை இலையாக இருக்கிறது, அதில் அவியலும் பப்படமும் தனித்தனியாகத் தெரிகின்றன. ஆக, பெட்டியில் கொட்டை எழுத்தில் எதைப் போட்டு விற்றார்களோ அதை அணைத்து வைத்துத்தான் பார்க்கிறோம்.

பென்டிரைவ் பிரியன்:
நான் முதல் பதிலிலேயே சொன்னேன் அண்ணே.

திங்கள்சந்தை மெக்கானிக்:
நீங்கள் திருப்பிக் கொடுக்கச் சொன்னீர்கள் தம்பி. கொடுத்திருந்தால் அந்த வாழையிலையை எதில் பார்த்திருப்பார்?

பென்டிரைவ் பிரியன்:
எச்டிஎம்ஐ உள்ள எந்த மலிவு பிளேயரும் போதும் என்றுதான் என் கட்சி. 1080பி என்ற மூன்று எண்ணுக்கும் ஒரு எழுத்துக்கும் கூடுதல் காசு தேவையில்லை.

குழித்துறை டீச்சர்:
1080இல் நாலு எண் தம்பி.

கோட்டாறுக்காரன்:
திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் மூன்றாவது கல்யாண டிஸ்க், மறுவீட்டு விருந்து இருக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது, ஓரத்தில் மங்கலாக ஒரு திட்டு. துடைத்தும் போகவில்லை.

திங்கள்சந்தை மெக்கானிக்:
ஊதா என்றால் ஸ்டுடியோவில் ரைட் பண்ணிக் கொடுத்தது, அதன் சாயம் நாளாக ஆக வெளுக்கும். நம் ஊர் ஈரம் வேறு. இனி அதைப் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் டிரைவ் ஒன்று இருக்கிறது, சில டிஸ்க்கை அது பொறுமையாகப் படித்துவிடும். உறுதி சொல்லமாட்டேன். கொண்டுவந்தால் முதலில் டிஸ்க்கை உள்ளபடியே காப்பி எடுப்போம், மற்றதெல்லாம் அப்புறம். திங்கள்கிழமை சந்தைக் கூட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, செவ்வாய் வாருங்கள். பிளேயரையும் கொண்டுவந்தால் ரிமோட்டை மறக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள்.