ரிப்போர்ட்ல மூணு 'பாசிட்டிவ்': எதுக்குப் பயப்படணும்?

மேலூர்க்காரன்
தம்பிக்கு வயசு 19, காய்ச்சல் இன்னைக்கு நாலாம் நாள். ரிப்போர்ட்ல ரத்த வகை ஓ பாசிட்டிவ், வைடால் பாசிட்டிவ் (ஓ 1:80, எச் 1:80), டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ். என்எஸ்1, ஐஜிஎம் நெகட்டிவ். தட்டணு 1,62,000. டைபாய்டும் டெங்குவும் சேர்ந்து வந்துருச்சுன்னு வீட்ல பதறுறாங்க.

சோதனைக்குழாய்
ரத்த வகையை விடுங்க. அதுல பாசிட்டிவ்னா சிவப்பணு மேல டிங்கிற ஒரு புரதம் (ஆன்டிஜன்) இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

டைபாய்டுக்குப் பார்க்கிற வைடால் டெஸ்ட்தான் ஊரையே குழப்புறது. ஓ, எச்ங்கிறது அந்தக் கிருமியோட ரெண்டு பாகம். சீரத்தை (ரத்தத்துல இருந்து பிரிச்ச தெளிநீர்) 1:20, 1:40, 1:80ன்னு நீர்த்துக்கிட்டே போய், எதுவரைக்கும் அதோட சேர்த்த கிருமி திரிதிரியாத் திரளுதுன்னு பார்ப்பாங்க. டைபாய்டு புழங்குற நம்ம பக்கம் 1:80 நல்லா இருக்கிறவங்களுக்கே வரும். போட்ட தடுப்பூசி, எப்பவோ வந்த காய்ச்சல்கூடக் காரணமா இருக்கலாம். 1:160ஓ அதுக்கு மேலயோ போனாத்தான் சந்தேகப்படணும். அதுவும் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு எடுத்த ரத்தத்துல நாலு மடங்கு ஏறியிருக்கணும். நாலாம் நாள்ல பார்க்கிறதே வீண். டைபாய்டுன்னு டாக்டர் நினைச்சா, ஆன்டிபயாடிக் தொடங்குறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்க. மாத்திரை போட்டுட்டு எடுத்தா கிருமி வளராம நெகட்டிவ்னு வந்துரும்.

ஐஜிஜிங்கிறது ஆன்டிபாடி (கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்குற புரதம்), பழைய டெங்குவோட தடம். பயம் வேணாம்.

வைகைக்கரை
கடைசி வரியை மட்டும் ஒத்துக்க முடியாதுண்ணே. முதல் தடவை டெங்குன்னா ஐஜிஜி ரெண்டாவது வாரம்தான் தலைகாட்டும். ரெண்டாவது தடவைன்னா முதல் சில நாள்லயே ஏறிரும், புதுத் தொற்றைக் காட்டுற ஐஜிஎம் ஆன்டிபாடி மந்தமா இருக்கும். பழைய ஆன்டிபாடி என்எஸ்1ங்கிற வைரஸ் புரதத்தைப் பிடிச்சு வச்சுக்கிறதால அட்டை டெஸ்ட்ல அது சிக்காமலும் போகும். சிக்கலாகுறதும் ரெண்டாவது டெங்குதான் அதிகம். அதனால டெங்கு இல்லைன்னு இப்பவே முடிவு கட்டாதீங்க.

ஆறாம், ஏழாம் நாள் ஐஜிஎம்மை எலிசாங்கிற லேப் டெஸ்ட்ல பாருங்க. அதுவரைக்கும் தினம் தட்டணு, பிசிவி (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்ங்கிற கணக்கு). தட்டணுவையே எல்லாரும் பார்ப்பாங்க, பிசிவியை யாரும் கண்டுக்க மாட்டாங்க. 40 இருந்தது 48 ஆனா ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியுதுன்னு அர்த்தம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தக்கசிவு கூடும்.

மேலூர்க்காரன்
காய்ச்சல் விட்டுட்டா டெஸ்டை நிறுத்திரலாமாண்ணே?

வைகைக்கரை
நிறுத்தாதீங்க. காய்ச்சல் இறங்குன அடுத்த 24–48 மணி நேரம்தான் ஆபத்து. விடாத வயித்து வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுன்னு ஆகுறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாதது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் நிலவேம்பு கொடுத்துப் பார்ப்போம்னு உக்காராம, ராத்திரின்னாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.