இருமிதி உரிமம், மும்மிதி உரிமம்

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டோமேட்டிக் காருக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில், ஐயா ஒருவர் 'தானியங்கி வாகன உரிமம்' என்றார். அது எனக்குத் தயக்கம் தருகிறது. ஓட்டுநர் இல்லாமலே போகும் காரையும் இன்று தானியங்கிக் கார் என்றுதான் எழுதுகிறார்கள், படிப்பவர் குழம்புவார். 'கியரற்ற' என்பதும் சரிவராது. ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் ஆறு, எட்டு என்று கியர்கள் இருக்கின்றன. மாற்றும் வேலைதான் நம்மிடம் இல்லை.

சட்டம் எதைப் பார்த்துப் பிரிக்கிறது? சிங்கப்பூரில் 3ஏ வகுப்பு உரிமம், கியர் மாற்ற இடதுகாலால் அழுத்தும் கிளட்ச் மிதி இல்லாத கார்களுக்கானது. 3ஆம் வகுப்பு உரிமம் வாங்கியவர் கிளட்ச் உள்ளதையும் இல்லாததையும் ஓட்டலாம், 3ஏ வாங்கியவர் கிளட்ச் காரை ஓட்டக் கூடாது. பிரிட்டனிலும் அப்படித்தான். ஐரோப்பிய உரிமங்களில் இதே கட்டுப்பாட்டை 78 என்ற எண் குறிக்கிறது. அங்கேயும் கிளட்ச் மிதிதான் அளவுகோல். இந்தியாவில் காருக்கு இந்தப் பிரிவே கிடையாது.

சிங்கப்பூரில் 3ஏ வாங்கிய என் தங்கை மகள் ஊருக்கு வந்தபோது, எங்கள் களத்துமேட்டில் என் பழைய காரை எடுத்துப் பார்த்தாள். முதல் கியரைச் சரியாகத்தான் போட்டாள். இடதுகாலை வெடுக்கென்று எடுத்ததும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. "ஹாஃப் கிளட்ச்ல பிடிம்மா" என்றேன், அதாவது கிளட்ச் மிதியைச் சட்டென்று விடாமல் பாதியில் பிடிக்கச் சொன்னேன். "அப்படின்னா என்ன மாமா?" என்று கேட்டாள். கை பழகிவிட்டது, பழகாதது கால்தான்.

அதனால் மிதியை எண்ணிப் பெயர் வைப்போம்: ஆக்சிலேட்டர், பிரேக் மட்டும் என்றால் இருமிதி உரிமம், கிளட்சும் சேர்ந்தால் மும்மிதி உரிமம். மும்மாரி, மும்மடங்கு போல மும்மிதியும் நாவில் எளிதாக வருகிறது. மின்சாரக் கார் தானாகவே இருமிதியில் அடங்கிவிடும். 2020இல் ஹூண்டாய் வென்யூ காரில் வந்த ஐஎம்டி என்ற கியர் அமைப்பைப் பாருங்கள்: கியரைக் கையால்தான் போட வேண்டும், ஆனால் கிளட்ச் மிதி கிடையாது. கைமுறை, தானியங்கி என்று பிரித்தால் அதை எதில் சேர்ப்பது? மிதியை எண்ணினால் தகராறே இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. 'இருமிதி வண்டி' என்றால் மிதிவண்டி நினைவுக்கு வரும். ஆகவே 'இருமிதிக் கார்' என்றே எழுதலாம். பைக்கில் கிளட்ச் கையில் இருப்பதால் இந்தச் சொல் அங்கே பொருந்தாது. அதைத் தனியாகப் பேசுவோம். கிளட்ச் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடலாம், மெக்கானிக் ஷெட்டில் வேறெதுவும் ஓடாது.

சிங்கப்பூர் நண்பர்கள், உங்கள் வீட்டில் 3ஏ-வைத் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே ஒரு நல்ல சொல் அங்கே புழங்கினால் என்னுடையதை விட்டுவிடலாம்.