உபுண்டுவில் பிராட்பேண்ட் வரவில்லை, அவசரம்

வைகைக்கரை:
வணக்கம். நேற்றுதான் கணினியில் உபுண்டு 10.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டேன். அதே மோடம், அதே வயர். விண்டோஸில் நெட் வருகிறது, லினக்ஸில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. நாளை மாலைக்குள் கல்லூரி விண்ணப்பம் அனுப்ப வேண்டும். யாராவது உதவுங்கள்.

பென்குவின்பிரியன்:
மோடம் ரூட்டர் முறையிலா (மோடமே டயல் செய்வது), பிரிட்ஜ் முறையிலா (கணினி டயல் செய்வது)? விண்டோஸில் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து டயல் செய்கிறீர்களா? மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு (லைன் இணைப்பைக் காட்டுவது) நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா?

நீலவானம்:
டிஎன்எஸ்தான் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) காரணம், சந்தேகமே வேண்டாம். ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் கூகுளின் டிஎன்எஸ் முகவரி 8.8.8.8 என்று போடுங்கள். எனக்கு இரண்டு தடவை இப்படித்தான் சரியானது.

முதுநிலைப்பயனர்:
"வரவில்லை" என்பது பிழைச்செய்தி அல்ல. என்ன கட்டளை கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதத் தெரியாமல் லினக்ஸுக்கு வரக்கூடாது. எப்படியும் இது எம்டியூ (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) சிக்கல். ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ (ஈதர்நெட் வழியே டயல் செய்யும் முறை) தலைப்புக்கு 8 போனால் மிச்சம் 1492. அதை அமைத்துவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை:
மன்னிக்கவும். டயல் செய்துதான் போகிறேன், விளக்கு நிலையாக எரிகிறது. டயல் செய்யும் கட்டளையான 'பான் டிஎஸ்எல்-ப்ரொவைடர்' கொடுத்தால் பிபிபி0 (டயல் இணைப்பு) வருகிறது, ஐபி முகவரியும் கிடைக்கிறது. ஆனால் 8.8.8.8க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை. ஒவ்வொரு முறையும் விண்டோஸுக்கு மாறித்தான் இங்கே எழுதுகிறேன். திரையில் வருவதைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து தட்டுகிறேன், அதனால்தான் தாமதம்.

பென்குவின்பிரியன்:
பரவாயில்லை, தேவையானது கிடைத்துவிட்டது. எண் முகவரிக்கே பிங் போகவில்லை என்றால் டிஎன்எஸ் காரணம் இல்லை. எம்டியூவும் இல்லை: சாதாரண பிங் பொட்டலம் 84 பைட்தான், எந்த எம்டியூவிலும் நுழைந்துவிடும். எம்டியூ கோளாறு என்றால் சில பக்கங்கள் திறக்கும், சில பாதியில் நின்றுவிடும். 'ரூட் -என்' (வழிப் பட்டியல்), 'பிளாக்' (டயல் பதிவு) இரண்டும் என்ன காட்டுகின்றன?

குறிஞ்சிமலர்:
இந்தப் பாடே வேண்டாம். மோடத்தை ரூட்டர் முறைக்கு மாற்றுங்கள். கடவுச்சொல் மோடத்திலேயே இருக்கும், லினக்ஸுக்கு டிஹெச்சிபி (மோடம் தானாக முகவரி தருவது) போதும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தால் அதுவே இணைந்துகொள்ளும். எங்கள் வீட்டில் இரண்டு கணினியும் அப்படித்தான் ஓடுகின்றன.

முதுநிலைப்பயனர்:
பிரிட்ஜில் வெளி ஐபி நேராகக் கணினிக்கே வரும். கற்க விரும்புகிறவன் அதைத்தான் வைப்பான். டயல் அமைப்புக் கோப்பில் 'பெர்சிஸ்ட்' என்று ஒரு வரி சேர்த்தால் அறுந்த இணைப்பைப் பிபிபிடி (டயல் இணைப்பை நடத்தும் நிரல்) தானே மறுபடி பிடித்துக்கொள்ளும்.

குறிஞ்சிமலர்:
வெளி ஐபி நேராக வந்தால் ஃபயர்வாலும் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் அரண்) நம் பொறுப்பு. நேற்று உபுண்டு போட்டவரிடம் அதைச் சொல்லாமல் பிரிட்ஜை மட்டும் புகழ்வது சரியல்ல. முதலில் அவர் விண்ணப்பம் போகட்டும்.

நீலவானம்:
ரூட்டர் முறைக்குப் போகிறவர்கள் மோடத்தின் அட்மின் கடவுச்சொல்லை மறக்காமல் மாற்றுங்கள். பலர் மாற்றுவதே இல்லை.

வைகைக்கரை:
பிளாக்கின் கடைசிப் பக்கம் இந்த வரி இருக்கிறது: 'நாட் ரிப்ளேசிங் எக்ஸிஸ்டிங் டிஃபால்ட் ரூட் டு ஈத்0 [192.168.1.1]' (ஈத்0 என்ற நெட்வொர்க் அட்டை வழியாக ஏற்கெனவே உள்ள இயல்பு வழியை மாற்றவில்லை). இன்னொன்று, நான் பிபிபிஓஇகான்ஃப் (டயல் அமைப்பைச் செய்துதரும் கருவி) ஓட்டவில்லை. நண்பன் தந்த பழைய டயல் அமைப்புக் கோப்பில் என் பயனர் பெயரை மட்டும் மாற்றி, அப்படியே பியர்ஸ் அடைவில் போட்டேன். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பென்குவின்பிரியன்:
அந்த ஒரு வரிதான் விடை. பிரிட்ஜ் முறையிலும் மோடத்தின் டிஹெச்சிபி ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஈத்0க்கு 192.168.1.1ஐ (மோடத்தின் முகவரி) வெளியே போகும் வாசலாகக் கொடுத்துவிட்டது. பிபிபி0 பிறகு வந்ததால் ஏற்கெனவே இருக்கும் வழியைத் தொடாமல் விட்டுவிட்டது. ஆகவே உங்கள் பொட்டலமெல்லாம் மோடத்தின் முகவரிக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. விண்டோஸ் டயல் செய்ததும் அந்த வழிக்கே முன்னுரிமை தந்துவிடும், அதனால்தான் அங்கே ஓடுகிறது.

இப்போதைக்கு: 'போஃப்' (இணைப்பைத் துண்டிக்க), பிறகு 'சூடோ ரூட் டெல் டிஃபால்ட்' (பழைய வழியை நீக்க), மறுபடி 'பான்'. நிரந்தரமாக: அந்தக் கோப்பில் 'டிஃபால்ட்ரூட்' வரிக்குக் கீழே 'ரிப்ளேஸ்டிஃபால்ட்ரூட்' என்று சேர்க்கலாம், இல்லையென்றால் மோடத்தில் டிஹெச்சிபியை நிறுத்திவிடலாம்.

முதுநிலைப்பயனர்:
எம்டியூவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

வைகைக்கரை:
லினக்ஸிலிருந்தே எழுதுகிறேன். வந்துவிட்டது! விண்ணப்பமும் போய்விட்டது. நன்றி அண்ணா.

தாமிரபரணி:
எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் 'பாடோ' (மறுமுனை தரும் முதல் பதில்) பொட்டலத்துக்குக் காத்திருந்து நேரம் முடிந்தது என்று வருகிறது.

பென்குவின்பிரியன்:
அது வேறு. உங்கள் அழைப்புக்கு மறுமுனையிலிருந்து பதிலே வரவில்லை. தனி இழை தொடங்குங்கள். மோடம் எந்த முறையில் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.